கையுறை ஆலையைச் சோதிக்கப் போனேன்

பூவத்தில் டயர் பஞ்சரானது. சென்னையிலிருந்து ஆறு மணி நேரம் ஒரு குறையும் சொல்லாமல் வந்த வாடகைக் கார், காரைக்கால் எல்லைக்குள் நுழைந்து நூறு அடி போவதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. டிரைவருக்கு இதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எல்லை தாண்டியதும் வரிசையாக வரும் பிராந்திக் கடைகளைப் பற்றிக் கடலூரிலிருந்தே பேசிக்கொண்டு வந்தவர் அவர். "ஊருக்குத் திரும்பும்போதுதான் வாங்குவேன் மேடம். இப்ப வெல மட்டும் விசாரிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு டயரை உருட்டிக்கொண்டு போனார்.

மே மாத வெயில். அறுவடை முடிந்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. நடுவே எங்காவது ஒரு துண்டு நிலத்தில் பருத்தி நின்றது. எதிரில் இருந்த டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் டீயை நீட்டிக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டார்.

"காரைக்கால்தான்" என்றேன்.

"காரைக்கால்ல எங்கங்க?"

"மாதா கோவில் தெரு. இப்ப பிரான்ஸ்ல இருக்கேன்."

"நேஷனாலிட்டியா" என்றார். எங்கள் ஊரில் இந்த ஒரு வார்த்தை போதும். பிரெஞ்சுக் குடியுரிமை, பென்ஷன், பூட்டிக் கிடக்கும் வீடு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போகும் பிள்ளைகள், எல்லாம் இதற்குள் அடக்கம். நான் கல்யாணமாகிப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இப்போது நாற்பத்தெட்டு. பெற்றோர் போய்விட்டார்கள். வீட்டையும் விற்றாகிவிட்டது. கடைசியாக வந்து ஏழு வருடம் ஆகிறது.

பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று வேன்கள் அடுத்தடுத்து எங்களைக் கடந்து போயின. உள்ளே நீல மேலங்கி போட்ட பெண்கள். பாதிப் பேர் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "கையுறை கம்பெனி வண்டிங்க. ஷிப்டு முடிஞ்சு போவுது" என்றார் கடைக்காரர். நான் அந்தக் கம்பெனிக்காகத்தான் வந்திருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

பாரிஸில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். பெரிய கம்பெனிகள் தாங்கள் விற்கும் பொருள்களை வெளிநாட்டு ஆலைகளில் செய்து வாங்குகின்றன. அந்த ஆலைகளில் தீ வெளியேறும் கதவு திறக்கிறதா, இயந்திரங்களுக்குத் தடுப்பு இருக்கிறதா, வேலை நேரம் முறையாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது எங்கள் வேலை. முதலில் மொழிபெயர்ப்பாளராகத்தான் சேர்ந்தேன். போகப் போக ஆய்வாளராகிவிட்டேன். வங்கதேசத்துக்கு நான்கு முறையும் இலங்கைக்கு இரண்டு முறையும் போயிருக்கிறேன். காரைக்கால் பெயர் போட்ட கோப்பு மேசைக்கு வந்தபோது என் மேலதிகாரி கிளேர் அதை என் பக்கம் தள்ளினாள். "உன் ஊர்தானே, நீயே போ. ஊர்ப் பாசத்தில் கண்ணை மூடிக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன்" என்றாள். மாட்டேன் என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன். தவறு வேறு பக்கத்திலிருந்து வந்தது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு வாடா தேடிப் போனேன். அரிசி மாவில் இறால் வைத்துப் பொரிக்கும் வாடா. கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டியபடி, "பண்ணை எறாலுங்க. தடைக்காலம் பாருங்க, படகு போவல. கடல் எறாலுன்னு சொல்லி ஏமாத்த மாட்டேன்" என்றார். மீன் குஞ்சு பொரிக்கும் இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அரசலாற்றங்கரை ஓரமாக நடந்தேன். வாடா ருசியாகவே இருந்தது. ஆனாலும் நான்காவதைச் சாப்பிட முடியவில்லை. வயிறு பழக்கம் விட்டுப் போயிருந்தது.

மறுநாள் காலை ஆலைக்குப் போனேன். வாசலில் கோலம் போட்டு நடுவில் என் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். மனிதவள மேலாளர் ரகு கைகூப்பி வரவேற்றார். நாற்பது வயதுக்குள் இருக்கும். நெற்றியில் விபூதி, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் தூக்கமின்மை. தரையில் மஞ்சள் கோடுகள் புதிதாக இருந்தன. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. தீயணைப்பான்களில் தொங்கிய அட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. இதெல்லாம் எல்லா நாட்டிலும் நடப்பதுதான். கதவுகள் திறந்தன. குடிதண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. கழிப்பறையில் சோப்பு இருந்தது, அதன் மேல் பதித்த எழுத்துகூடக் கரையவில்லை.

இந்த ஆலையில் செய்வது பாதுகாப்புக் கையுறை. பிரான்சில் கண்ணாடித் தொழிற்சாலைகளிலும் உலைகளிலும் வேலை செய்பவர்கள் கையில் காயம் படாமல் போட்டுக்கொள்ளும் தடித்த தோல் கையுறை. தோல் வெட்டும் பகுதியில் பன்னிரண்டு இயந்திரங்கள் இருந்தன. கீழே மேசை, மேலே கனமான இரும்புத் தலை. மேசையில் தோலை விரித்து, அதன் மேல் உள்ளங்கை வடிவில் செய்த கத்தி போன்ற இரும்பு அச்சை வைக்க வேண்டும். பிறகு இடது கையால் ஒரு பொத்தானையும் வலது கையால் ஒரு பொத்தானையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் இரும்புத் தலை இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது விரல் அச்சுக்குக் கீழே மாட்ட வழியில்லை. மிக எளிமையான, நல்ல ஏற்பாடு.

ரகு ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டச் சொன்னார். கனகா என்று பெயர். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. தோலை விரித்தாள், அச்சை வைத்தாள், வலது கையால் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் அசையவில்லை. இடது கை இன்னும் தோலின் மேலேயே இருந்தது. அவள் சட்டென்று நினைவு வந்தவளாக இடது கையையும் பொத்தானுக்குக் கொண்டுபோனாள். அடுத்த முறையும் இப்படியே ஆனது. மூன்றாவது முறையும். மூன்று வருடம் இதே இயந்திரத்தில் வேலை செய்பவள், நேற்று சேர்ந்தவளைப் போல ஓட்டினாள்.

குனிந்து இடது பொத்தானைப் பார்த்தேன். அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம், டேப் ஒட்டி எடுத்த பிசின். அதில் தோல் தூசி படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். பக்கத்து இயந்திரத்திலும் அதே வளையம். பன்னிரண்டிலும் இருந்தது.

"மெயின்டனன்ஸ் லேபிள் ஒட்டியிருந்தோம் மேடம்" என்றார் ரகு.

மதியம் எனக்காகத் தனி அறையில் பிரெட்டும் ஜாமும் வெண்ணெயும் வைத்திருந்தார்கள். "பிரான்ஸ்லேருந்து வர்றீங்கன்னு சொன்னாங்க" என்றார் பரிமாறியவர், சங்கடத்தோடு. நான் கேன்டீனுக்குப் போய் வரிசையில் நின்று சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டேன். என் மேசைக்கு யாரும் வந்து உட்காரவில்லை.

விபத்துப் பதிவேட்டில் கடந்த ஐந்து வருடத்துக்கும் சேர்த்து மூன்றே பதிவுகள் இருந்தன. ஊசி குத்தியது ஒன்று, வழுக்கி விழுந்தது ஒன்று, மயக்கம் ஒன்று. வெட்டும் பகுதியில் எதுவுமே இல்லை. பிறகு தொழிலாளர்களைத் தனியாகச் சந்தித்தேன். எட்டுப் பேர். எட்டுப் பேரும், "எல்லாம் நல்லா இருக்குங்க" என்றார்கள். கனகாவும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் நான் கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து குழாயைத் திறந்து தண்ணீரைச் சத்தமாக ஓடவிட்டாள்.

"கோட்டுச்சேரிமேட்டுல மலர்க்கொடின்னு கேளுங்க. எங்க அக்கா. இங்கதான் பேக்கிங்ல வேல. நீங்க வர்றீங்கன்னு லீவு போடச் சொல்லிட்டாங்க. அது கையப் பாருங்க."

கையைக் கழுவாமலேயே குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு கையேடு உண்டு. தொழிலாளியின் வீட்டுக்குப் போகக்கூடாது, அவர் சொல்லும் நேரத்தில் அவருக்கும் நமக்கும் சம்பந்தமில்லாத இடத்தில் சந்திக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு. தாக்காவில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபடி ஒருத்தியிடம் பேசினேன். இன்னொருத்தியிடம் ஓடும் ரிக்‌ஷாவில் பேசினேன். அங்கே நான் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. இங்கே வந்ததும் கையேடு நினைவுக்கு வராமல் இல்லை. என் ஊர்தானே, யார் வீட்டுக்கும் நான் போகலாம் என்று தோன்றியது. நாகப்பட்டினத்தில் ஒரு லாட்ஜ் அறைக்கோ ஒரு கோவில் வளாகத்துக்கோ அவளை வரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பகல் முழுக்க ஆலையில் வருகைப் பதிவேடுகளைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு ஆட்டோ பிடித்தேன். கார் வந்தால் எல்லோரும் பார்ப்பார்கள், ஆட்டோ என்றால் தெரியாது என்பது என் கணக்கு. டிரைவர் ஆரோக்கியசாமி கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்தார்.

"நீங்க டெய்லர் சவரிமுத்து மகதான? ரீட்டா?"

ஆமாம் என்றேன். என் அப்பா அவருக்குக் கல்யாணக் கோட்டு தைத்துக் கொடுத்தாராம். கோட்டுச்சேரி தாண்டும்வரை அந்தக் கோட்டைப் பற்றியே பேசினார். எனக்கும் கேட்கப் பிடித்திருந்தது.

கோட்டுச்சேரிமேடு கடலோர மீனவர் ஊர். உள்ளே நுழையும் இடத்தில் மணலில் ஆட்டோவின் பின் சக்கரம் புதைந்துவிட்டது. ஆரோக்கியசாமி முறுக்க முறுக்க இன்னும் கீழே போனது. தடைக்காலம் ஆனதால் ஆண்கள் எல்லோரும் கரையில்தான் இருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர் எழுந்து வந்து தள்ளினார்கள். "யாரு வூட்டுக்குங்க?" என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியசாமி முந்திக்கொண்டார்.

"நம்ம டெய்லர் மக, பிரான்ஸ்லேருந்து வந்திருக்காங்க. மலர்க்கொடி வூடு எது?"

மறைவாகப் போக நினைத்தவளை ஊரே கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் விட்டது.

மலர்க்கொடிக்கு முப்பத்தொரு வயது. தங்கையைவிட உயரம். ஒரு டம்ளர் டீயை வலது கையில் பிடித்து, இடது கையின் மணிக்கட்டால் அடியில் தாங்கிக்கொண்டு வந்தாள். சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர்களுடைய அப்பா மூலையில் ஒரு ஸ்டூலில் இருந்தார். கனகா அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

"ஒரு நாளைக்கு இத்தன ஜோடின்னு வச்சிருக்காங்கக்கா" என்று மலர்க்கொடி ஆரம்பித்தாள். "ரெண்டு கையையும் பட்டன்ல வச்சிக்கிட்டிருந்தா அந்தக் கணக்கு வராது. அதனால ஒரு பட்டன டேப் போட்டு அமுக்கி ஒட்டிடுவாங்க. சூப்பர்வைசரே ஒட்டித் தருவாரு. ஒரு கையால அச்ச நகத்திக்கிட்டே இன்னொரு கையால அமுக்கலாம். எல்லாரும் அப்பிடித்தான். நான் நாலு வருசம் அப்பிடித்தான் செஞ்சேன்."

"அன்னைக்கு என்ன ஆச்சு?"

"அன்னைக்கும் அதேதான் செஞ்சேன்."

இடது கையை எனக்கு முன்னால் விரித்து வைத்தாள். பிறகு, "வலி ஒண்ணும் தெரியலக்கா. கையத் தூக்கிட்டேன். பாத்தா ரெண்டு வெரலு அச்சுக்கு வெளிய தோலு மேல கெடக்குது" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி வேனில்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். கட்டுப் போட்ட அன்றே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வீட்டில் மீன் அரியும்போது அரிவாள்மனை வெட்டிவிட்டது என்று.

"மீன் அரியிற சாதி, வெட்டியிருக்கும்னுதான யாரும் நெனப்பாங்க" என்றாள். "அம்மாதான் கேட்டுச்சு. பொறந்ததுலேருந்து மீன் அரியிற, ஒரு நாளு ஒரு கீறல் பட்டிருக்கா, என்னான்னுடி கையெழுத்துப் போட்டன்னு. வெரலு போனதுக்கு அழுவலக்கா. அதுக்கு அழுதேன்."

"ஏன் போட்ட?"

"போட்டா பேக்கிங்ல வேல தர்றேன்னாங்க."

அவள் இருந்த இயந்திரத்துக்குத்தான் மூன்று வருடம் முன்பு கனகா வந்திருக்கிறாள். அதே இயந்திரம். நான் கனகாவைப் பார்த்தேன். அவள் தன் கைகளை மடியில் வைத்து மூடிக்கொண்டாள்.

மூலையிலிருந்து அப்பா கேட்டார். "நீங்க இத எழுதினா ஆர்டர் போயிடுமாங்க? தடைக்காலத்துல இந்த ஊர்ல அடுப்பெரியிறதே அந்த வேன்ல போற பொம்பளப் புள்ளைங்களாலதான். அதையும் பாத்துக்கங்க."

ஆர்டரை நிறுத்தச் சொல்லி எழுத மாட்டேன், இயந்திரத்தைச் சரிசெய்யச் சொல்லித்தான் எழுதுவேன் என்றேன். கடைசி முடிவு என் கையில் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். எதற்குத் தலையாட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்தபோது வெளியே பெண்கள் கூடியிருந்தார்கள். ஒருத்தி என் அம்மாவைத் தெரியும் என்றாள். இன்னொருத்தி, தான் பிரான்சைக் கண்டிப்பாக ஒருநாள் பார்க்க வேண்டும் என்றாள். பக்கத்து வீட்டு தீபா, மலர்க்கொடியோடு பேக்கிங்கில் வேலை செய்பவள், போனை நீட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, ஒரே ஒரு செல்பி." நான் நடுவில் நின்றேன். மலர்க்கொடியின் தோளில் கை போட்டுக்கொண்டேன். எல்லோரும் சிரித்தோம். அந்த ஒரு நிமிடம் நான் வேலைக்கு வந்தவள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு என்னை யாரோ அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷம். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் ஆய்வின் முடிவுக் கூட்டம். காலை பத்து மணிக்கு ரகுவின் அறையில் உட்கார்ந்தேன். டேப் பிசினைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அவர் தன் போனை என் பக்கம் திருப்பி வைத்தார். தீபாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். 'பிரான்ஸ் அக்காவுடன்' என்று எழுதி இரண்டு இதயம் போட்டிருந்தாள். படத்தில் என் கை மலர்க்கொடியின் தோளில் இருந்தது.

"நல்லா வந்திருக்கு மேடம் படம்" என்றார் ரகு. "ஊருக்கு வந்தா நாலு பேரப் பாக்கத்தான வேணும்."

போனை அவர் பக்கமே தள்ளினேன்.

"மலர்க்கொடி இன்னைக்குக் காலையில ராஜினாமா குடுத்துட்டாங்க. சொந்தக் காரணம்னு எழுதியிருக்காங்க."

"எத்தனை மணிக்குக் கொடுத்தாங்க?"

"ஏழரைக்கு. வேன் அவங்க ஊருக்கு வந்ததும் குடுத்து அனுப்பிட்டாங்க."

"அவங்களாவா கொடுத்தாங்க?"

ரகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கிவிட்டது. "மேடம், நானும் சம்பளத்துக்கு இருக்கிறவன். டேப் ஒட்டுன்னு சொன்னது நான் இல்ல, எடுன்னு சொன்னதும் நான் இல்ல. உங்கள அனுப்புற கம்பெனிக்காரங்கதான் வருசா வருசம் சீக்கிரம் அனுப்பு, சீக்கிரம் அனுப்புன்னு கேக்குறாங்க. ரெண்டு பட்டனும் அமுக்கினா சீக்கிரம் வராது. அத உங்க ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?"

"எழுதுவேன்" என்றேன். அதை எழுதவும் செய்தேன். ஆனால் மலர்க்கொடியின் வேலைக்கு என்ன பதில் என்று நான் மூன்று முறை கேட்டும், அந்த ராஜினாமாத் தாளைத்தான் எடுத்து வைத்தார். கையெழுத்து அவளுடையது.

வெளியே வந்து பாரிஸுக்குப் போன் செய்தேன். கிளேர் முழுவதையும் கேட்டாள்.

"நீ அவள் வீட்டுக்கா போனாய்?"

"போனேன்."

"ஏன்?"

போனில் அவள் பக்கத்தில் யாரோ காப்பி இயந்திரத்தை ஓட்டும் சத்தம் கேட்டது.

ஐந்தாம் நாள் காலை சென்னைக்குக் கிளம்புவதற்கு முன் கோட்டுச்சேரிமேட்டுக்கு மறுபடி போனேன். இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதால் காரிலேயே போனேன். ஆட்டோவுக்கு வந்த கூட்டம் காருக்கு வரவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். மலர்க்கொடி வீட்டுப் பின்னால் துணி பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு வலது கையால் முறுக்கினாள். நான் மறுமுனையைப் பிடித்தேன். கொடுத்துவிட்டாள். நாலைந்து துணி அப்படிப் பிழிந்தோம்.

"என்னை மன்னிச்சுடு மலர்" என்றேன்.

"படத்துல நானுந்தானக்கா சிரிச்சிக்கிட்டு நிக்கிறேன்" என்றாள். "தீபா நேத்துலேருந்து சாப்பிடல. அவள ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"கனகாவுக்கு ஏதும்..."

"அவளத் தொடல. நீங்க ஊருல இருக்கிறவரைக்கும் தொட மாட்டாங்க. அப்பறம் தெரியாது."

கொடியில் துணியைப் போட்டுவிட்டுக் கையை உதறினாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒண்ணு கேட்டா செய்வீங்களா?" என்றாள்.

"சொல்லு."

"எம்பேர எழுதுங்க."

பெயரை எழுதுவது எங்கள் முறை இல்லை, தொழிலாளிக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த முறை என்று விளக்கினேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அருவாமனைன்னு ஒரு பேப்பர் இருக்குல்ல, அதுல எம்பேரு இருக்கு. சொந்தக் காரணம்னு ஒண்ணு இருக்கு, அதுலயும் இருக்கு. பொய்யி எழுதின பேப்பர்லல்லாம் எம்பேரு இருக்குதுக்கா. நெசத்த ஒரு பேப்பர்ல எழுதப் போறீங்கன்னா, அதுலயும் இருந்துட்டுப் போவட்டும்."

வீட்டுக்குள் போய் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து, இடது கையின் மூன்று விரலால் தாளை அழுத்திப் பிடித்து, வலது கையால் எழுதினாள். என்ன நடந்தது என்பதை ஆறு வரியில் எழுதி, முழுப் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் போட்டுக் கையெழுத்திட்டாள். நான் அதை மடிக்காமல் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

பூவம் எல்லையில் டிரைவர் வண்டியை நிறுத்தி, சொன்னபடி கடைக்குப் போனார். திரும்பி வந்து, "என்ன மேடம், ஊர விட்டுப் போவ மனசு வரலியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பாரிஸில் நாற்பது பக்கம் எழுதினேன். பன்னிரண்டு இயந்திரங்களின் பிசின் வளையங்களையும் படத்தோடு சேர்த்தேன். விரைவாக அனுப்பச் சொல்லும் நெருக்கடியை எழுதினேன். ஆர்டரை நிறுத்தக் கூடாது என்று தனியாக ஒரு பக்கம் எழுதினேன். மலர்க்கொடியை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும் என்றும் எழுதினேன். அவள் பெயரை எழுதினேன், அவள் கைப்பட எழுதிய தாளை இணைத்தேன். கிளேர் படித்துவிட்டுப் பெயரை நீக்கினாள், தாளையும் எடுத்துவிட்டாள். "விதியை ஒருமுறை மீறினாய். அதற்காக இரண்டாவது முறையும் மீற முடியாது" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. நான் சண்டை போட்டேன், தோற்றேன்.

ஆர்டர் போகவில்லை. கையுறை வாங்கும் கம்பெனி ஆலைக்குக் கெடு விதித்தது. அனுப்பும் நாள்களைக் கொஞ்சம் தளர்த்தவும் ஒப்புக்கொண்டது. பழைய பொத்தான்களை எடுத்துவிட்டு, கை உள்ளே இருந்தால் தானாக நிற்கும் ஒளிக்கதிர்த் தடுப்பைப் பன்னிரண்டு இயந்திரங்களிலும் பொருத்தினார்கள். படம் அனுப்பினார்கள். மலர்க்கொடியைப் பற்றிக் கேட்டதற்கு ராஜினாமாத் தாளின் நகலை அனுப்பினார்கள். கோப்பு மூடப்பட்டது.

ஊரில் மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரிஸில் சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது மலர்க்கொடியிடமிருந்து போன் வந்தது. இறால் உரிக்கும் கொட்டகையில் வேலைக்குப் போகிறாளாம். ஐஸில் கை வைத்து வைத்து வெட்டுப்பட்ட இடம் குடைகிறதாம்.

"நீங்க எழுதினதப் படிச்சுக் காட்டுங்கக்கா" என்றாள்.

அது போனிலேயே இருந்தது. பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அவளைப் பற்றிய பகுதியைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டே படித்தேன். "வெட்டும் பிரிவில் நான்கு ஆண்டுகள் பணியாற்றிய ஒரு பெண் தொழிலாளி..." என்று தொடங்கி முடியும்வரை அவள் குறுக்கே பேசவில்லை.

"பேரு இல்ல" என்றாள்.

"இல்ல மலர். எடுத்துட்டாங்க. நான் எழுதினேன்."

"ம்."

அந்தப் பக்கம் மழை தகரத்தில் விழும் சத்தம் கேட்டது.

"கனகா சொன்னா. கைய உள்ள வச்சா மிஷினு அப்பிடியே நின்னுடுதாம். வேணும்னே வச்சு வச்சுப் பாத்தாளாம்" என்றாள். பிறகு, "அக்கா, அங்க அந்தக் கையுறையப் போட்டு வேல செய்யிறவங்களப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்திருக்கேன். கண்ணாடி செய்யிற எடத்துல."

"அவங்களுக்கெல்லாம் வெரலு இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள். இறால் வண்டி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.